ஒரு ஜோடிக்கு இரண்டு கோப்புகள்

ஒன்றின் முடிவு இன்னொன்றைச் சார்ந்திருக்குமானால், அந்த இரு கோப்புகளையும் இணைத்தே அதிகாரியின் பார்வைக்கு அனுப்ப வேண்டும். எங்கள் அலுவலக நடைமுறைக் கையேட்டில் இருந்த விதி இது. எப்படி இணைப்பது என்பதற்கும் விதி உண்டு. முடிவு எடுக்க வேண்டிய கோப்பு மேலே, அதைத் தாங்குவது கீழே. கீழ்க்கோப்பின் நாடாவை மேல்கோப்பையும் சுற்றிக் கொண்டுவந்து கட்ட வேண்டும். மேல்கோப்பின் நாடாவை அதன் அடியிலேயே தனியாக முடிச்சுப் போட வேண்டும். அப்போதுதான் இரண்டும் சேர்ந்தும் இருக்கும், தன் தன் காகிதங்களோடு தனியாகவும் இருக்கும். கையேட்டை எழுதியவர் யாரோ தெரியாது. கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆனவராக இருந்திருப்பார்.

சமீபத்தில் கவிதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றதும் என் நாற்காலிக்கு வந்தவள், ஓசூர்க்காரி.

"மேடம், இப்போ ஃபைல் எல்லாம் ஸ்க்ரீன்லதானே. அதுல ஓரமா 'லிங்க்'னு ஒரு பட்டன் இருக்கு. செக்‌ஷன்ல கேட்டா யாரும் அதை அமுக்கினதே இல்லேங்கறாங்க. அது எதுக்கு மேடம்?"

அவள் அன்று அதை ஏன் கேட்டாள் என்று சொல்ல வேண்டுமானால், முதலில் காத்யாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் வேலை பார்த்தது பெங்களூரில் விளையாட்டு நிர்வாகம் பார்க்கும் ஓர் அரசு அலுவலகத்தில். தட்டச்சராகச் சேர்ந்தேன். தபாலில் எம்.ஏ. படித்தேன், துறைத் தேர்வுகளை எழுதினேன், பிரிவு அதிகாரியாக வெளியே வந்தேன். இடைப்பட்ட காலத்தில் நான் எந்த விளையாட்டும் விளையாடவில்லை. விளையாட்டு அலுவலகத்தில் விளையாடியவர்கள் குறைவு. விளையாட்டுச் சங்கங்கள் தனி. ஆனால் வெளிநாட்டவர் ஒருவர் நம் நாட்டுக்காக ஆட வேண்டும் என்றால், சங்கத்தின் கடிதம் எங்கள் ஒப்புதலோடுதான் கடல் தாண்டும்.

எங்கள் இயக்குநர் நஞ்சுண்டையா சார். மல்லேஸ்வரத்தில் தமிழர்கள் நடுவே வளர்ந்தவர், அதனால் என்னோடு தமிழில்தான் பேசுவார். யாரையும் கடிந்து பேசியது கிடையாது. யாருக்கும் 'முடியாது' என்று சொன்னது கிடையாது. 'சரி' என்றும் சொன்னது கிடையாது. எந்தக் கோப்பு போனாலும் ஓரத்தில் பச்சை மையில் 'பேசவும்' என்று எழுதித் திருப்பி அனுப்புவார். பேசப் போனால், "ஒக்காருங்க பிரபாவதி, காஃபி ஆயித்தா?" என்பார். பிறகு பதினைந்தாம் கிராஸ் தெருவில் கொடுக்காப்புளி மரத்தை வெட்டியதைப் பற்றி, மெட்ரோவில் கூட்டம் கூடியதைப் பற்றி, தன் மாமியாரின் முழங்காலைப் பற்றிப் பேசுவார். காபி முடியும். கோப்பு அப்படியே திரும்பி வரும். பேசியாகிவிட்டது என்பதற்கு அடையாளமாக நான் தேதி போட்டு வைப்பேன்.

அவர் மேசையில் இரண்டு தட்டுகள் இருந்தன. வெளிநாட்டுக் கோப்புகளைத் திங்கட்கிழமை பார்ப்பார், உள்நாட்டுக் கோப்புகளை வியாழக்கிழமை. இதற்கு எந்த விதியும் கிடையாது. இது அவருடைய வழக்கம். விதியை மாற்றச் சுற்றறிக்கை போதும். வழக்கத்தை மாற்ற அதிகாரியே மாற வேண்டும்.

காத்யா எங்களிடம் வந்தது பயிற்சியாளராக. நகரத்து மால் ஒன்றில் ஐஸ் தளம் திறந்து, சக்கர ஸ்கேட்டிங் பிள்ளைகளை ஐஸுக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஒரு திட்டம் போட்டார்கள். ரஷ்யாவிலிருந்து ஜோடி ஸ்கேட்டிங் சாம்பியன் வருகிறார் என்றதும் பூச்செண்டோடு போனேன். தளம் ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடம் அளவு இருந்தது. யாரோ ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள். விழாமல் இருக்கக் குழந்தைகள் பிடித்துத் தள்ளிக்கொண்டு போகும் பிளாஸ்டிக் பெங்குவின்களுக்கு நடுவே, ஐரோப்பியப் பட்டம் வென்ற பெண் கைகட்டி நின்றிருந்தாள். சின்ன உருவம். இருபதுகளின் நடுவில் வயது. பூச்செண்டை வாங்கியதும் ரோஜாக்களை எண்ணினாள். ஒன்றை உருவி என்னிடம் கொடுத்துவிட்டுச் சிரித்தாள். அவர்கள் ஊரில் இரட்டைப்படையில் பூக் கொடுப்பது செத்தவர்களுக்கு என்று பிறகுதான் தெரிந்தது. நாங்கள் டஜனாக வாங்கியிருந்தோம்.

மாதம் ஒருமுறை வருகைச் சான்றுக்காக என் மேசைக்கு வருவாள். எங்கள் அட்டெண்டர் முனியப்பா பாலில்லாத டீயை ஏதோ துக்க வீட்டுக்குக் கொண்டுவருகிற முகத்தோடு அவள் முன் வைப்பான். அவளுடைய ஆங்கிலம் சின்னச் சின்ன வாக்கியங்கள். அந்த வாக்கியங்களில்தான் அவள் கதையைக் கேட்டேன்.

உரால் மலைப் பக்கம் ஓர் எஃகு ஆலை ஊர். அப்பா ஆலையில் கிரேன் ஓட்டுகிறவர். அடிக்கடி சளி பிடித்ததால், ஐஸில் விட்டால் சரியாகும் என்று டாக்டர் சொல்லி, நாலு வயதில் ஸ்கேட்டிங் சேர்த்தார்களாம். சளிக்குப் பயந்து ஃபிரிட்ஜ் தண்ணீர்கூடக் கொடுக்காத ஊரில் உட்கார்ந்து இதைக் கேட்டேன். பத்து வயதில் பயிற்சியாளர் அவளைக் கூப்பிட்டு, "உனக்குத் தாவும் உயரம் போதாது. ஆனால் பயம் இல்லை. உயரத்தை இன்னொருவனிடம் வாங்கிக்கொள்ளலாம். ஜோடிக்குப் போ" என்றாராம்.

முதல் பையன் வளரவில்லை, இவள் வளர்ந்தாள். இரண்டாமவன் பயந்தான். மூன்றாமவன் செர்கேய். ஜோடி பொருந்துகிறதா என்று அந்தப் பயிற்சியாளர் பார்க்க மாட்டாராம். ஐஸுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு கேட்பாராம். இரண்டு பேரின் பிளேடுகளும் ஒரே சத்தமாகக் கேட்டால் ஜோடி. இரண்டு சத்தம் கேட்டால் இரண்டு பேர்.

செர்கேயோடு ஜூனியர் உலகப் பட்டம், பிறகு ஐரோப்பியப் பட்டம். அந்தத் தங்கத்தைப் பற்றி அவள் சொன்னது ஒரே விஷயம். "மேடையில் ரொம்பக் குளிர். ஜாக்கெட் கொடுக்க மறந்துவிட்டார்கள்."

"செர்கேய் நல்ல நண்பனா?" என்று கேட்டேன்.

"தினமும் கையைப் பிடித்திருந்தோம். வெளியே ஒருநாள்கூட உட்கார்ந்து டீ குடித்ததில்லை."

செர்கேயின் முதுகுத்தண்டில் வட்டு விலகியது. இனிமேல் எதையும் தலைக்கு மேல் தூக்கக் கூடாது என்றார் மருத்துவர். அந்த மருத்துவர் அறையை விட்டு வெளியே வந்ததைச் சொல்லிவிட்டுக் காத்யா டீயைத் தள்ளி வைத்தாள். "அன்றிலிருந்து நான் சாம்பியன். ஸ்கேட்டர் இல்லை."

நான் எத்தனையோ வீரர்களின் விண்ணப்பங்களைப் பார்த்தவள். காயம் பட்டவர்கள், வயதானவர்கள், தேர்வில் விடுபட்டவர்கள். உடம்பில் ஒரு குறையும் இல்லாமல், திறமை அத்தனையும் கையில் இருந்தும், இன்னொருவருடைய முதுகெலும்பால் ஆட்டம் நின்றுபோன ஒருத்தியை அதற்கு முன் பார்த்ததில்லை. ஓட்டக்காரி தனியாக ஓடலாம். இவள் தனியாக என்ன செய்வாள்? வேறு பையன்களைத் தேடினாள், பொருந்தவில்லை. போர் காரணமாக அவள் நாட்டுக்காரர்களுக்கு வெளிப்போட்டிகளின் கதவும் அந்தச் சமயம் மூடியிருந்தது. அதனால்தான் பெங்குவின்களுக்கு நடுவே வந்து நின்றாள்.

அங்கேதான் கிரணைப் பார்த்தாள். எங்கள் ஆஸ்டின் டவுன் பையன். சக்கர ஸ்கேட்டிங்கில் அத்தை மகள் ரேகாவோடு ஜோடியாக ஆடித் தேசிய அளவில் மெடல் வாங்கியவன். ரேகாவுக்குக் கல்யாணம் ஆனதும் அவனும் பாதியாகிவிட்டான். மால் தளத்தில் விழுகிறவர்களைத் தூக்கிவிடும் மார்ஷல் வேலை. ஒரு நாள் குண்டாக ஒருவர் பின்பக்கமாகச் சாய்ந்தபோது, கிரண் எட்டிப் பிடிக்கவில்லை. சறுக்கிக்கொண்டு அவருக்கு அடியில் போய் விழுந்தான். தலை ஐஸில் படாமல் அவன் வயிற்றில் பட்டது.

காத்யா அதைப் பார்த்துவிட்டாள். ஜோடி ஆட்டத்தில் ஆண் முதலில் கற்க வேண்டியது தூக்குவது அல்ல, விழுவது. பெண் விழும்போது அவளுக்கு அடியில் போக வேண்டும். பெரும்பாலான பையன்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள வெளிப்பக்கம் விழுவார்கள். அது உடம்பின் இயல்பு. "இவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மற்றதை நான் சொல்லித் தருகிறேன்" என்றாள்.

கிரணின் அம்மா சரோஜா, கார்மென்ட்ஸில் லைன் சூப்பர்வைசர். என் தெருதான். மகன் வீடியோவைக் காட்டியதும் நேராக என்னிடம் வந்தாள்.

"இன்னா பிரபாக்கா இது? ஊட்ல காலி சிலிண்டர நகத்துடான்னா முதுகு வலிக்குதுங்கறான். அங்க ஒரு வெள்ளக்காரிய ஒத்தக் கைல தூக்கினு சுத்தறான்!"

"ரஷ்யா சாம்பியன்டீ அவ."

"சாம்பியனா இருக்கட்டும். கீழ போட்டான்னா ரஷ்யாவுக்கு யார் பதில் சொல்றது?"

ரஷ்யாவுக்குப் பதில் சொல்வது பிற்பாடு. ரஷ்யாவிடமிருந்து பதில் வாங்குவதுதான் முதல் பிரச்சினை என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஜோடிப் பிரிவில் இருவரில் ஒருவர் நம் குடிமகனாக இருந்தால், பெரும்பாலான சர்வதேசப் போட்டிகளுக்கு அது போதும். மற்றவர் முன்பு வேறு நாட்டுக்காக ஆடியிருந்தால், அங்கிருந்து விடுவிப்புக் கடிதம் வேண்டும். கடைசியாக ஆடிய நாளிலிருந்து ஒரு காத்திருப்புக் காலமும் கழிய வேண்டும். அடுத்த குளிர்காலப் போட்டிக்கு இந்த இருவரும் போக வேண்டுமானால், எங்கள் கடிதம் உடனே புறப்பட வேண்டும். தாமதித்தால் காத்யாவின் விசா முடிந்துவிடும்.

சங்கம் ஒரே விண்ணப்பம்தான் அனுப்பியது. தபால் பிரிவில் அதைப் பார்த்தார்கள். இரண்டு பெயர்கள், ஒன்று உள்நாடு, ஒன்று வெளிநாடு. ஒரு வீரருக்கு ஒரு கோப்பு என்பது எங்கள் ஏற்பாடு. எனவே நகல் எடுத்து, ஜோடியைப் பிரித்து, இரண்டு கோப்புகள் திறந்துவிட்டார்கள். உள்நாட்டுப் பிரிவு எழுதியது: 'வெளிநாட்டுக் கூட்டாளியின் நிலை தெரிந்தபின் சமர்ப்பிக்கலாம்.' வெளிநாட்டுப் பிரிவு எழுதியது: 'இந்தியக் கூட்டாளியின் தேர்வு உறுதியானபின் சமர்ப்பிக்கலாம்.' இரண்டு குறிப்புகளும் சரியானவை. ஒன்றிலும் பிழை காண முடியாது. சரியாக எழுதப்பட்ட இரண்டு குறிப்புகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு இரண்டு அலமாரிகளில் படுத்திருந்தன.

நான் இரண்டையும் வரவழைத்து, கையேட்டில் சொன்னபடி காத்யாவை மேலே, கிரணைக் கீழே வைத்து நாடா கட்டி அனுப்பினேன். நஞ்சுண்டையா சாருக்குத் தடியான கட்டு பிடிக்காது. முடிச்சை அவிழ்த்து, மேலே இருந்ததைத் திங்கட்கிழமைத் தட்டிலும் கீழே இருந்ததை வியாழக்கிழமைத் தட்டிலும் வைத்தார். இரண்டும் 'பேசவும்' என்று வந்தன. மறுபடி கட்டினேன், மறுபடி அவிழ்த்தார். அவர் மேசையில் அந்த ஜோடி ஒரே நாளில் சேர்ந்து கிடந்ததே இல்லை.

கடைசியில் ஒரு திங்கட்கிழமை, கோப்புகளோடு ஆட்களையும் கூட்டிக்கொண்டு போனேன். காத்யா, கிரண், லீவு போட்டுவிட்டு வந்த சரோஜா.

"ஒக்காருங்க, ஒக்காருங்க. எல்லாருக்கும் காஃபி ஆயித்தா?" என்றார் சார். மரத்தைப் பற்றிச் சொன்னார். மாமியார் முழங்காலுக்கு வந்தபோது நான் குறுக்கிட்டேன்.

"சார், என்ட்ரி க்ளோஸ் ஆகப் போகுது. ரெண்டு ஃபைலும் சேர்ந்து முடிஞ்சாத்தான் லெட்டர் போகும்."

"அதுக்கென்ன, அவசரப்படாதீங்க. பையன் ரெடிதானே? பையனை முதல்ல கேம்ப்புக்கு அனுப்பிடுவோம். மேடம் விஷயத்தை மெதுவாப் பார்க்கலாம். ஒவ்வொண்ணா பண்ணா தலைவலி இல்ல பாருங்க."

"அவன் மட்டும் போய் என்ன சார் பண்ணுவான்?"

"ப்ராக்டீஸ் பண்ணட்டுமே."

காத்யா என்னைப் பார்த்தாள். சார் சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் ஷூவைக் கழற்றிச் சுவரோரம் ஜோடியாக வைத்தாள். "கிரண். மேலே" என்றாள்.

"இங்கயா? மேடம், ஃபேன்..."

நான் எழுந்து போய் ஃபேனை நிறுத்தினேன். அரசாங்க ஃபேன், நிற்பதற்கும் நேரம் எடுத்துக்கொண்டது. அது கடைசிச் சுற்றை முடிக்கும்வரை காத்திருந்தோம். சார், "என்ன நடக்குது பிரபாவதி?" என்று மெல்லக் கேட்டார். "பேசிக்கிட்டிருக்கோம் சார்" என்றேன்.

கிரண் மேசைக்கு முன்னால் கால் அகட்டி நின்றான். காத்யா அவன் உள்ளங்கையில் தன் கையை வைத்ததைப் பார்த்தேன். அடுத்த நொடி அவள் அங்கே இல்லை, மேலே இருந்தாள். நேராக நின்ற ஒரு கை, அதன் மேல் இன்னொரு கை, அதற்கு மேல் முழு ஆளும் நீட்டிப் படுத்தாற்போல். அவள் முகத்துக்குப் பக்கத்தில் ஃபேன் இறக்கையில் பல வருடத்து ஒட்டடை தொங்கியது.

"டேய் பாத்துடா! கவர்மென்ட் ஃபேனு!" என்று சரோஜா கத்தினாள்.

மேலேயிருந்து காத்யா, மூச்சு வாங்காமல், சாருக்குப் புரியும் ஆங்கிலத்தில் சொன்னாள்: "சார், இப்போது இவனை மட்டும் அனுப்புங்கள்."

நஞ்சுண்டையா சார் அண்ணாந்து பார்த்தபடி இருந்தார். கிரணின் தோள் நடுங்கவில்லை. சார் காபி டம்ளரை மேசையில் வைத்தார். "இளிசப்பா, இளிசு" என்றார் கன்னடத்தில், இறக்கு என்று. அவள் இறங்கி ஷூவைப் போட்டுக்கொண்டாள். சார் இரண்டு கோப்புகளையும் இழுத்து இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். உள்நாட்டுக் கோப்பில் திங்கட்கிழமை பச்சை மை விழுந்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

"கட்டியே எடுத்துட்டுப் போங்க" என்றார்.

கடிதம் போனது. பதில் வரவில்லை. யாரைக் குறை சொல்வது? அங்கேயும் ஒரு நஞ்சுண்டையா இருந்திருப்பார், அவருக்கும் இரண்டு தட்டுகள் இருந்திருக்கும். நினைவூட்டல் அனுப்பினேன். இரண்டாம் நினைவூட்டல் அனுப்பினேன். பிறகு சார் பெயரில் நேர்முகக் கடிதம் எழுதினேன். அதில் மட்டும் அரசாங்கம் 'அன்புள்ள' என்று தொடங்கும். தொடங்கினால், பொறுமை தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

அதுவரை அவர்கள் மால் திறக்கும் முன் பயிற்சி செய்தார்கள். ஒரு காலை நானும் போனேன். பெங்குவின்களை ஒரு மூலையில் அடுக்கியிருந்தார்கள். காத்யா தனக்குத் தேவையான தமிழைக் கற்றிருந்தாள்: "புடி", "விடு", "இன்னொருவாட்டி". ஒருமுறை இருவரும் விழுந்தார்கள். கிரண்தான் கீழே இருந்தான். எனக்கு இசை ஞானம் கிடையாது. இருந்தாலும் அந்தப் பயிற்சியாளரைப் போல் முதுகைத் திருப்பி நின்று பார்த்தேன். முதலில் இரண்டாகக் கேட்டது. வளைவில் இரண்டாகவே கேட்டது. நீளப் பக்கத்தில் வந்தபோது ஒன்றாகக் கேட்டது. திரும்பிப் பார்த்தேன், ஒருவர் நின்றுவிட்டாரோ என்று. இருவரும் வந்துகொண்டிருந்தார்கள்.

போட்டிக்குப் பெயர் கொடுக்கும் கடைசி நாள் போயிற்று. காத்யாவின் மால் ஒப்பந்தம் முடிந்தது, விசாவும் முடிந்தது. விடைபெற அலுவலகத்துக்கு வந்த காத்யா, பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, "எல்லோரும் உட்காருங்கள்" என்றாள். நீண்ட பயணம் புறப்படுமுன் வீட்டில் இருப்பவர்கள் அனைவரும் ஒரு நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும்; அது அவர்கள் வழக்கம். பார்வையாளர் பெஞ்சில் நானும் சரோஜாவும் கிரணும் உட்கார்ந்தோம். முனியப்பா டீ டிரேயோடு தரையில் உட்கார்ந்தான். சத்தம் நின்றதைக் கேட்டு வெளியே எட்டிப் பார்த்த நஞ்சுண்டையா சாரையும் காத்யா கை காட்டி முனியப்பாவின் ஸ்டூலில் உட்கார வைத்தாள். அவர் முழங்காலைப் பற்றியோ மரத்தைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. அத்தனை வருடத்தில் அவரோடு நான் உருப்படியாகப் பேசியது அந்த நிமிடம்தான். பிறகு அவள் எழுந்தாள். கிரண் பெட்டியைத் தூக்கினான்.

நான் ஓய்வு பெற்றேன். கோப்புகள் கணினிக்குள் போயின, நாடாக்களை எடைக்குப் போட்டார்கள். காத்யா தன் ஊர் ரிங்கில் சிறு பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். கிரண் அதே மாலில் அதே மார்ஷல்.

"காலங்காத்தால எழுந்து போயி, காத்தத் தூக்கினு வரான் பிரபாக்கா" என்றாள் சரோஜா, ஒரு நாள் காய்கறிக் கடையில். "ஃபோன ஓரமா நிக்க வெச்சிக்கறான். அவ அங்க அவ பாட்டுக்கு ஆடறா, இவன் இங்க இவன் பாட்டுக்குக் கைய மேல தூக்கறான். கேட்டா, டைமிங் போயிடக் கூடாதுங்கறான்."

அவள் ஊர்க் கடிகாரத்துக்கும் நம்முடையதற்கும் அரை மணி நேரம்தான் வித்தியாசம்.

கவிதாவின் போனுக்கு வருகிறேன். பட்டன் எதற்கு என்று சொல்லிவிட்டு, இப்போது ஏன் கேட்கிறாய் என்றேன்.

"ரஷ்யாவுலேர்ந்து லெட்டர் வந்திருக்கு மேடம். நம்ம ஃபைல் நம்பர் ரெண்டும் போட்டிருக்காங்க. எதுல சேர்க்கறதுன்னு தெரியல."

"படி."

படித்தாள். விடுவிப்பதில் ஆட்சேபணை இல்லை. கடைசிப் போட்டிக்குப் பின் கழிய வேண்டிய காலம் ஏற்கெனவே கழிந்துவிட்டதால், இனிக் காத்திருக்கவும் தேவையில்லை. இரண்டு நாட்டு அலுவலகங்களும் சேர்ந்து செய்த தாமதம், அந்த விதியை அவர்களுக்காக நிறைவேற்றி வைத்திருந்தது. இதற்காக யாரும் எங்களுக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை.

"ரெண்டையும் லிங்க் பண்ணு" என்றேன்.

"பண்ணிட்டேன் மேடம். யாருக்கு முதல்ல இன்ஃபார்ம் பண்ணணும்? பையனுக்கா, அவங்களுக்கா?"

"யாருக்கும் முதல்ல இல்ல. ஒரே மெயில். ரெண்டு பேர் அட்ரஸும் ஒரே வரியில போடு."

அவள் அனுப்பும்வரை போனை வைக்கவில்லை. பிறகு, பழைய பழக்கம், ரஷ்யாவின் பதில் வந்த தேதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். டிசம்பர் நான்கு. வியாழக்கிழமை, உள்நாட்டுக் கோப்புகளின் நாள்.